ஈரம் படாத இடம்

மழைக்காலத்தில் ரொட்டி வாங்கினால் அதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். காய்ந்து வறட்டியாகிவிடும். மூடி போட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, வெளியிலேயே வையுங்கள். நான்கைந்து நாள் தாராளமாகத் தாங்கும். தாங்குவதற்குக் காரணம் நாங்கள் மாவில் சேர்க்கிற பொடி. கால்சியம் புரொப்பியோனேட் என்று மூட்டையில் அச்சடித்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மாவே புளித்துவிடும் என்று தொழிற்சாலையில் எல்லோரும் உப்பு என்றுதான் சொல்வோம். அதில் தவறும் இல்லை. அது கால்சியத்தின் ஓர் உப்புதான். பூஞ்சை பிடிக்காமல் காக்கும். நீங்கள் காலையில் தின்றுவிட்டு வந்த ரொட்டியிலும் இருந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், நேற்று இந்த ஸ்டேஷனில் ஒருவர் என்னைக் காட்டி, "சொந்த அக்காவுக்கே விஷம் வெச்சவன்" என்று இன்னொருவரிடம் சொன்னார். நான் விஷம் வைக்கவில்லை. விஷத்தை நான் கையால்கூடத் தொட்டதில்லை.

ஸ்டோர் என் பொறுப்பு. உப்புக்கு ஈரம்தான் முதல் எதிரி. மூட்டையைத் தரையில் போடக் கூடாது. மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பிரித்த மூட்டையின் உள்ளுறையை முறுக்கிக் கட்ட வேண்டும். வேறு டப்பாவில் மாற்றினால் பெயர் எழுதி ஒட்ட வேண்டும், ஏனென்றால் வெள்ளைப் பொடிகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஈரம் பட்டால் உப்பு கல்லாக இறுகிவிடும். இறுகியதை உடைத்துப் பயன்படுத்தக் கூடாது, உடைத்தால் தூசி கிளம்பும். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத அந்த உப்பு மூச்சுக்குள் மட்டும் போகக் கூடாது. அதனால்தான் அளக்கிறவர்களுக்கு மாஸ்க், தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன். சிந்தினால் துடைப்பத்தைத் தொடாதே, ஈரத்துணியால் ஒற்றியெடு. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. இதை நான் ஓயாமல் சொல்லிச் சொல்லி, எனக்குக் 'கவனம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "கவனம் வர்றாரு, மூட்டையக் கீழ வெக்காதே" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கேலியாகச் சொன்னாலும் மூட்டை கீழே போகவில்லை.

என் அக்கா எடை அறையில் இருந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஒவ்வொரு தடவை மாவு பிசைவதற்கும் எவ்வளவு உப்பு என்று அளந்து, சிறு வாளிகளில் போட்டு அனுப்புவாள். முன்பு பாக்கிங்கில் நின்றுகொண்டே வேலை செய்தாள். கால் வீங்கியது. நான்தான் மேனேஜரிடம் கெஞ்சி எடை அறைக்கு மாற்றினேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஸ்டோருக்குப் பக்கத்திலேயே. சின்ன வயதில் அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு, வளர வளர விட்டுவிட்டது. அதனால் அவள் விஷயத்தில் நான் இரட்டிப்புக் கவனமாக இருந்தேன். அவளுடைய மாஸ்க்கை நானே எடுத்துக் கொடுப்பேன். ஃபேன் ஓடாமல் அவள் ஒரு கரண்டி அள்ளியதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தும்மல் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்றாங்க. இந்த உப்பப் போடுறவள எவன்டா நினைக்கிறான்?" என்று அக்கா சிரிப்பாள்.

"நான் நினைக்கிறேனே அக்கா" என்பேன்.

அம்மா போனபோது நான் பால் பல் விழாத பையன். அக்காதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களை, "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தம்பி தலையெடுத்தான். அதற்குள் பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு கம்பி. காலையில் சேர்ந்து போவோம், மாலையில் சேர்ந்து வருவோம். எங்களைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், "கண்ணுக்கு இமை மாதிரி" என்பாள். யார் கண், யார் இமை என்று அவள் சொன்னதில்லை.

எங்கள் தொழிற்சாலை மெக்கானிக் அவள் அறைக்கு, எடைக் கருவியைச் சரிபார்க்கத்தான் முதலில் வந்தார். மனைவியை இழந்தவர். தலை நரைத்திருந்தாலும் ஏணியில் பூனை மாதிரி ஏறுவார். எடையில் கோளாறு என்று அக்கா சொல்ல, அதன்மேல் அவளையே நிற்கச் சொன்னார். முள்ளைப் பார்த்துவிட்டு, "மெஷின் பொய் சொல்லலைங்க. நீங்கதான் சரியாச் சாப்பிடறதில்ல" என்றார். அக்கா சிரித்தாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாது. நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாத ஒரு சிரிப்பு அவளிடம் இருந்திருக்கிறது.

அதன்பிறகு எடைக் கருவி அடிக்கடி பழுதானது.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"சொல்லு."

"அவருக்குக் கடலோரத்துல ஒரு பெரிய ஆலையில வேலை கிடைச்சிருக்குடா. வீடும் குடுக்கறாங்களாம். என்னையும் வரச் சொல்றாரு. கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தான்." பிறகு அவசர அவசரமாக, "நீயும் வந்துரு. அவரே சொன்னாரு, தம்பிக்கும் ஒரு அறை இருக்குன்னு" என்றாள்.

நான் கோபப்படவில்லை. "நல்ல விஷயம்தானே அக்கா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்தாள்.

மெக்கானிக் முன்னால் போய் வேலையில் சேர்ந்தார். வீடு கைக்கு வந்ததும் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவர் போன கையோடு எடை அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டது. இது என் வேலையல்ல, தானாகத்தான் பழுதானது. பெல்ட் அறுந்திருந்தது. புது மெக்கானிக் இன்னும் வரவில்லை. மேனேஜரிடம் சொன்னால் வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருப்பார். சொல்ல வேண்டியவன் நான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

அந்த வார விடுமுறைக்கு அக்கா கடலோரம் போய் வீட்டைப் பார்த்து வருவதாக இருந்தது. ஃபேன் ஓடாத அறையில் பிடித்த இருமலால் போக முடியவில்லை. நான் பால் காய்ச்சிக் கொடுத்தேன். முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். நாள் முழுக்க என் பக்கத்திலேயே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை. பழைய நாட்கள் மாதிரியே இருந்தது. எனக்கு ஒன்று புரிந்தது. இருமினால் அவள் போக மாட்டாள்.

அதற்குப்பிறகு நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தடித்த மாஸ்க் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மெல்லிய துணி மாஸ்க் கொடுத்தேன். தடித்த மாஸ்க் அலமாரியில் பெட்டி பிரிக்காமலே இருந்தது. ஒழுகுகிற சுவரோரம் இரண்டு மூட்டைகளைத் தரையில் இறக்கி வைத்தேன். இறுகிப் போயின. திருப்பி அனுப்ப வேண்டியதை அக்காவிடம் அனுப்பி, "கொஞ்சம் தட்டிச் சலிச்சுக்கோ அக்கா, வேற மூட்டை இன்னும் வரல" என்றேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே பனி இறங்கியது மாதிரி இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். என் பேச்சைத் தட்டாமல் உப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயது இழுப்பு திரும்பி வந்தது. டாக்டரிடம் அழைத்துப்போனேன். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் சொன்னேன், "ரொட்டிக் கம்பெனியில பாக்கிங் டாக்டர்."

"தூசி, மாவு எதுவும் பறக்குமா?"

"அதெல்லாம் இல்ல. சுட்டு ஆறின ரொட்டிதான் அங்க வரும்."

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்து, "ஏன்டா பாக்கிங்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"வேலைய விடச் சொல்லிருவாரோன்னு பயந்துட்டேன்."

"பைத்தியம்" என்று என் தலையைத் தடவினாள். "நான்தான் எப்படியும் விடப் போறேனே."

அடுத்த விடுமுறைக்கு மெக்கானிக் வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஃபேன் ஓடுதா?" என்று முதல் கேள்வியே அதுதான். அக்கா, "தம்பி பார்த்துக்கறான்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "ஓடுது" என்றேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அவளிடம் சொன்னார்: "நாளையிலிருந்து நீ வேலைக்குப் போக வேணாம். வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு இருக்காங்க. அந்த வாடை உனக்கு ஆகாது. அது போனதும் நானே கார் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்."

அக்கா வேலையை விட்டாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே வாரத்தில் தேறினாள். மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். துணி காயப்போடும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்து, புடவைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். என் சட்டைகளையும் அடுக்கப் போனாள். "நான் பின்னால வர்றேன் அக்கா" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. ஒரு வார்த்தை வற்புறுத்தியிருக்கலாம்.

மறுநாள் நான் வேலை உடுப்பை மாற்றாமலே வீட்டுக்கு வந்தேன். அதுதான் தொடக்கம். சட்டையை அவள் கட்டில் தலைமாட்டில் கழற்றி உதறினேன். பிறகு அதெல்லாம் சுற்றுவழி என்று தோன்றியது. தலையணை உறையை நானே துவைப்பேன், நானே மாட்டுவேன். மாட்டும்போது உள்ளே கொஞ்சம் தூவினேன். ரொட்டியில் போடுகிற அதே உப்பு. அதைத் தின்னலாம்.

ஒருநாள் படுத்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "தலையணையில புளிச்ச வாடை அடிக்குதுடா."

"மருந்து வாடைக்கா. மூக்குலயே நிக்குது."

இத்தனை வருஷம் அந்த உப்பை அளந்தவளுக்கு அதன் வாடை தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் முதல் வகுப்பில் பென்சில் திருடிக்கொண்டு வந்தபோது பார்த்தாளே, அதே பார்வை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அதே தலையணையில் தலைவைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுபடி இழுப்பு வந்து படுத்தவளை எப்படிக் கவனித்தேன் என்று எதிர்வீட்டு அம்மாளைக் கேளுங்கள். தலை வாரி விட்டேன். வாயில் ஊட்டினேன். எனக்கு அவள் ஊட்டிய மாதிரியே சின்னச் சின்னக் கவளமாக. லீவு எடுத்து வீட்டிலேயே இருந்தேன். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான்" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். அது நடிப்பில்லை. நான் வாழ்க்கையில் இவ்வளவு மனசார எதையும் செய்ததில்லை.

இன்ஹேலரை ஏன் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். அவள் தலைமாட்டில் ஜன்னல் இருந்தது. வெயில் விழும், மழைச் சாரலும் அடிக்கும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. பொருளைப் பத்திரமாக வைப்பதுதான் என் தொழில். அவளுக்கு எட்டாது என்று தெரியும். வேண்டும்போது நான் எடுத்துக் கொடுப்பேன். என்னைக் கேட்டால் போதும்.

ஆனால் அவள் கேட்பது குறைந்துபோயிருந்தது. எதற்கெடுத்தாலும் 'அவர்'தான். ஜாடி மூடி திறக்கவில்லையா, அவர் வரட்டும். ஜன்னல் கொக்கி ஆடுகிறதா, அவர் பார்த்துக்கொள்வார். நான் ஆறடித் தூரத்தில் நிற்பேன். அவள் கண் தொலைபேசியில் இருக்கும்.

கடைசி நாள் காலையில் அவர் பேசினார். மறுநாள் கார் வருகிறது என்று. அக்கா எழுந்து தானே முகம் கழுவினாள். கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தாள். நீல நிறச் சேலையை எடுத்து, நாளைக்கு உடுத்த என்று நாற்காலியில் தனியாகப் போட்டாள். "நல்லா இருக்காடா?" என்றாள். நல்லா இருக்கு என்றேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாள். காலையில் அவள் முகம் கழுவப் போயிருந்தபோது உறை மாற்றியிருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நாளைக்குப் பயணம் தள்ளிப்போனால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வந்து பார்த்தபோது முடிந்துவிட்டிருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். டாக்டர் நம்பினார். இழுப்புக்காரர்கள் அப்படிப் போவதுண்டு என்றார்.

மெக்கானிக் மறுநாள் காருடன் வந்தார். நாற்காலியில் கிடந்த நீலச் சேலையைத்தான் உடுத்தி வைத்திருந்தோம். அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்து எல்லோரும் போனபின், "அவ ஞாபகமா ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மனசு நிறைந்துதான் சொன்னேன். இனி அவர் எதை எடுத்தால் என்ன. அவர் பெட்டியைத் தொடவில்லை, வளையலைத் தொடவில்லை. தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அப்படியே வெகுநேரம் இருந்தார். தலையணையை இறக்கியபோது அவர் மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, விரல்களுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். எடை அறையில் எத்தனை நாள் வேலை பார்த்தவர்.

"கவனம்" என்று கூப்பிட்டார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "இது எப்படிப்பா இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்" என்றேன். பொய் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் மிச்சமில்லை.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலையணையைக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு படியிறங்கி நேராக உங்களிடம்தான் வந்தார். போகும்போது, "என்கிட்ட அனுப்ப மனசில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ இங்கேயே இருந்திருப்பாளே. நான் அந்த வேலைய விட்டுட்டு இங்கயே வந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கவில்லை. சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். இன்ஹேலர் என் கையில்தான் இருந்தது. அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்ததுமே எடுத்துவிட்டேன். கொடுக்கத்தான் எடுத்தேன். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்ப்போம் என்று ஒரு கணம் நின்றேன், அவ்வளவுதான். "தம்பி" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, தொண்டை அடைக்க, சின்னப் பெண் குரலில். இன்னொரு தடவை கூப்பிட்டால் போய்விடலாம் என்று நின்றேன். கூப்பிட்டாள். காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. மூன்றாவது தடவை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஆகவே, நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும், மெக்கானிக்குக்கும் படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் அவள் கூப்பிட்டது என்னைத்தான். அவரை இல்லை.